விமான நிலையத்தில் தானாகத் திறக்கும் இமிக்ரேஷன் கதவு: சேலத்திலிருந்து முதல்முறை போகிறவர்களுக்கு

ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் இருக்கும் நம் சேலம் விமான நிலையத்திலிருந்து உள்நாட்டு விமானங்கள்தான் பறக்கின்றன. மகன் சிங்கப்பூரில், மகள் துபாயில் என்று இருக்கும் வீட்டுப் பெரியவர்கள் ராத்திரியோடு ராத்திரியாகக் காரேறி, பெங்களூர் தேவனஹள்ளிக்கோ சென்னை மீனம்பாக்கத்துக்கோ திருச்சிக்கோ போய்த்தான் வெளிநாட்டு விமானம் பிடிக்கிறார்கள். அப்படிப் புறப்படுகிற வீடுகளில் இப்போது புதிதாக ஒரு கேள்வி கேட்கிறது: "அங்கே ஆபீசரே இல்லையாமே, மெஷினே பாஸ்போர்ட்டைப் பார்த்துக் கதவைத் திறக்குமாமே, நமக்கு அது சரிப்படுமா?"

சரிப்படும். அந்தக் கதவு என்ன செய்கிறது என்பது மட்டும் முன்கூட்டியே தெரிந்திருந்தால் போதும். தெரியாமல் போய் நிற்கும்போது சிவப்பு விளக்கு எரிந்தால் நம் பெரியவர்கள் ஏதோ குற்றம் செய்துவிட்டது போலக் கூனிக் குறுகிப் போகிறார்கள். அதற்கு அவசியமே இல்லை என்று சொல்வதற்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். பெங்களூரிலிருந்து டெல்லிக்கோ மும்பைக்கோ போனவர்கள் டிஜி யாத்ரா வாசலில் முகத்தைக் காட்டி உள்ளே நுழைந்திருப்பார்கள். 2022 டிசம்பர் 1-ஆம் தேதி டெல்லி, பெங்களூரு, வாரணாசி நிலையங்களில் தொடங்கிய வசதி அது. "டிக்கெட் வைத்திருக்கும் ஆள் இவர்தான்" என்று கட்டடத்துக்குள்ளும் பாதுகாப்புச் சோதனைக்கும் அனுப்புவதோடு அதன் வேலை முடிந்தது. நாட்டை விட்டு வெளியே போகலாம், உள்ளே வரலாம் என்று அனுமதிப்பது வேறு சங்கதி. அது மத்திய உள்துறை அமைச்சகத்தின் கீழ் வரும் குடியேற்றப் பணியகத்தின் வேலை. போனில் டிஜி யாத்ரா வைத்திருப்பதால் இமிக்ரேஷனில் எந்தச் சலுகையும் கிடையாது. இரண்டுக்கும் தனித்தனியாகப் பதிய வேண்டும். பாஸ்போர்ட் கொடுப்பது வெளியுறவு அமைச்சகம் என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். எந்தப் பிரச்சினைக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்பது அப்போதுதான் விளங்கும்.

இமிக்ரேஷன் மேசையில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி நம்மிடம் என்ன பேசினாலும், மனசுக்குள் மூன்று கேள்விகளுக்குத்தான் பதில் தேடுகிறார். இந்தப் புத்தகம் அசலா? எதிரில் நிற்பவர் இந்தப் புத்தகத்துக்கு உரியவர்தானா? இவரைப் போக விடலாமா? இ-கேட் என்கிற தானியங்கிக் கதவும் அதே மூன்றைத்தான் கேட்கிறது. ஒவ்வொன்றுக்கும் அது பதில் கண்டுபிடிக்கும் விதம்தான் வேறு.

புத்தகத்திலிருந்து தொடங்குவோம். உங்கள் பாஸ்போர்ட்டில் புகைப்படம் இருக்கும் பக்கத்தை விரித்து, அடியில் பாருங்கள். ஆங்கிலப் பெரிய எழுத்தும் எண்ணும் அம்புமுனை போன்ற குறிகளுமாக இரண்டு வரிகள் ஓடும். வரிக்கு 44 இடங்கள். நம் கண்ணுக்கு அலங்கோலமாகத் தெரிகிற அந்த இரண்டு வரிகள்தான் இயந்திரத்துக்கான பக்கம். கனடாவின் மான்ட்ரியலில் தலைமையகம் உள்ள சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு இதற்கான விதியை வகுத்திருக்கிறது. எந்த நாட்டுப் புத்தகமானாலும் ஒரே வரிசைதான். இரண்டாவது வரியில் முதல் ஒன்பது இடம் பாஸ்போர்ட் எண்ணுக்கு. நம் இந்திய எண் ஓர் எழுத்தும் ஏழு இலக்கமுமாக எட்டு இடத்திலேயே முடிந்துவிடுவதால் ஒன்பதாவது இடத்தில் அம்புமுனை நிற்கும். அப்புறம் நாட்டின் குறியீடு, பிறந்த தேதி, ஆணா பெண்ணா, காலாவதித் தேதி என்று போகும்.

பிறந்த தேதியை அடுத்து ஒட்டினாற்போல் தனியாக ஓர் இலக்கம் இருக்கும். தேதியில் சேராத இலக்கம் அது, சரிபார்க்கும் எண். கணக்கு எளிதுதான், காகிதம் எடுத்துப் போட்டுப் பாருங்கள். 1985 ஜூலை 14-இல் பிறந்தவருக்குத் தேதி 850714 என்று அச்சாகும். இந்த ஆறு இலக்கங்களையும் வரிசையாக 7, 3, 1, 7, 3, 1 ஆகியவற்றால் பெருக்குங்கள்: 56, 15, 0, 49, 3, 4. கூட்டினால் 127. பத்தால் வகுத்தால் மீதி 7. அந்த 7-தான் தேதிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். பாஸ்போர்ட் எண்ணுக்கும் காலாவதித் தேதிக்கும் இதே கணக்கு. எழுத்து வந்தால் ஏ-க்கு 10, பி-க்கு 11 என்று தொடங்கி இசட்டுக்கு 35 வரை மதிப்பு, அம்புமுனைக்குச் சுழியம். எவனாவது தேதியைச் சுரண்டி ஒரு இலக்கத்தை மட்டும் மாற்றினால் கணக்கு உதைத்துவிடும். கெட்டிக்காரக் கள்ளன் சரிபார்க்கும் எண்ணையும் சேர்த்து மாற்றிவிடுவான் என்பதால் கதவு இதோடு நிற்பதில்லை. கண்ணாடிமேல் கவிழ்த்து வைத்த பக்கத்தைச் சாதாரண வெளிச்சம், அகச்சிவப்பு, புற ஊதா என்று வெவ்வேறு ஒளியில் படம் பிடித்து, மையும் காகிதமும் அசலுக்கு உரியபடி நடந்துகொள்கின்றனவா என்று பார்க்கும்.

அடுத்தது சிப். மலேசியா 1998-இலேயே சிப் வைத்த பாஸ்போர்ட் கொடுக்கத் தொடங்கிவிட்டது. இந்தியாவில் 2024 ஏப்ரல் 1-ஆம் தேதி சோதனை முறையில் ஆரம்பித்து, சென்னை மண்டலத்தில் 2025 மார்ச்சில் வந்தது. உங்கள் புத்தகத்தின் முன்னட்டையில், எழுத்துகளுக்குக் கீழே, செவ்வகத்துக்குள் சிறு வட்டம் வரைந்தது போல் பொன்னிறச் சின்னம் இருந்தால் உள்ளே சிப் இருக்கிறது. இல்லையென்றால் பழைய வகை. பழைய வகையும் காலாவதியாகும் வரை முழுக்கச் செல்லும். சிப்புக்காக மட்டும் அவசரப்பட்டுப் புத்தகத்தை மாற்றப் போகாதீர்கள்.

அந்தச் சிப்பில் அச்சிட்ட விவரமும் உங்கள் முகப் படமும் இருக்கின்றன. "பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவன் போனை வைத்து உறிஞ்சிவிடுவானே" என்று பயப்படுகிறவர்கள் உண்டு. இதை யோசித்துத்தான் வடிவமைத்திருக்கிறார்கள். சிப் யாரிடமும் உடனே பேசாது. பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, காலாவதித் தேதி மூன்றையும் சேர்த்து உருவாக்கிய சாவியைக் காட்டினால்தான் வாயைத் திறக்கும். அந்த மூன்றும் இருப்பது உள்பக்கத்து அடிவரியில். புத்தகத்தை விரித்து உள்ளே படித்தவருக்குத்தான் சிப் பதில் சொல்லும் என்று அர்த்தம். கதவில் முதலில் பக்கத்தைக் கவிழ்த்து வைக்கச் சொல்வதற்கும், சில விநாடி அசைக்காமல் வைத்திருக்கச் சொல்வதற்கும் இதுதான் காரணம். வரியைப் படித்து, சாவி செய்து, சிப்பைத் திறந்து, படத்தை இறக்கிக்கொள்ள அவ்வளவு நேரம் பிடிக்கும். பச்சை வருவதற்குள் எடுத்துவிட்டால் எல்லாம் முதலிலிருந்து. நம்மவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான்: பக்கத்தை வைத்ததும் பட்டென்று எடுத்துவிடுகிறார்கள்.

சிப்பில் இருக்கும் தகவலின் மீது அதைக் கொடுத்த நாட்டின் மின்னணுக் கையெழுத்து இருக்கிறது. ஒரு புள்ளி மாறினாலும் கையெழுத்து ஒட்டாது. அந்தக் கையெழுத்தைச் சரிபார்க்கும் திறவுகோல்களை நாடுகள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்கின்றன. கள்ள நோட்டு மாதிரி நிஜப் புத்தகம் போலவே அச்சடித்துவிடலாம். இந்தக் கையெழுத்தைப் போட முடியாது. அட்டையில் சிப் வந்ததன் உண்மையான லாபம் இதுதான் என்பது என் கருத்து. வேகமெல்லாம் அப்புறம்.

இனி இரண்டாவது கேள்வி: நிற்பவர் யார்? கேமரா உங்கள் முகத்தைப் படமெடுத்து, அதைச் சில நூறு எண்களின் வரிசையாக மாற்றுகிறது. ஏற்கெனவே உள்ள படத்துக்கும் அதே மாதிரி எண்கள். இரண்டு வரிசைகளும் எவ்வளவு நெருக்கம் என்று ஒரு மதிப்பெண் போடுகிறது. வைத்திருக்கும் எல்லைக்கு மேலே வந்தால் கதவு திறக்கும், கீழே வந்தால் திறக்காது. ரேஷன் கடையில் கைரேகை வைக்கிறோமே, அதே சங்கதிதான். கடைக்காரருக்கு உங்களை நாற்பது வருஷமாகத் தெரிந்திருக்கும். மெஷின் மட்டும் "ஒத்துப்போகவில்லை" என்று சொல்லும். நீங்கள் வேறு ஆளாகிவிட்டீர்கள் என்று அர்த்தமில்லை. இந்த முறை எடுத்த பதிவு பழைய பதிவோடு போதிய அளவு நெருங்கவில்லை, அவ்வளவே.

அந்த எல்லையை எங்கே வைப்பது என்பதில்தான் சூட்சுமம். தளர்த்தி வைத்தால் அண்ணன் பாஸ்போர்ட்டில் தம்பி போய்விடுவான். இறுக்கி வைத்தால் அசல் ஆளே வெளியே நிற்பார். ஐரோப்பிய எல்லைக் காவல் அமைப்பான ஃபிரான்டெக்ஸ் கொடுத்த வழிகாட்டி, தவறான ஆளை ஏற்பது ஆயிரத்தில் ஒன்றுக்கு மேல் போகக் கூடாது என்கிறது. அந்த இறுக்கத்தில் அசல் ஆளைத் திருப்பி அனுப்புவது நூற்றுக்கு ஐந்துக்கு மேல் போகக் கூடாது என்றும் சொல்கிறது. கவனியுங்கள்: நூறு பேரில் ஐந்து பேர் வரை, எந்தத் தப்பும் செய்யாதவர்கள், மேசைக்குத் திரும்புவார்கள் என்று கணக்கில் வைத்தே இந்தக் கதவுகள் கட்டப்படுகின்றன. சிவப்பு விளக்கு எரிந்தால் இந்த ஐந்து பேரை நினைத்துக்கொள்ளுங்கள். அலுவலர் வேறு வரிசைக்குக் கை காட்டுவார். அங்கே போய் நின்றால் மனிதக் கண் பார்த்து முடித்துவிடும்.

முகம் ஒத்துப்போக நாம் செய்யக்கூடியது கொஞ்சம் உண்டு. தொப்பி, முகக்கவசம், கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள். தரையில் பாத அடையாளம் இருந்தால் அதன்மேல் நின்று, திரையைப் பார்க்காமல் கேமராவைப் பாருங்கள். சிரிக்க வேண்டாம். பழனிக்கு முடி இறக்கியிருந்தாலும் பரவாயில்லை. இயந்திரம் முதன்மையாகப் பார்ப்பது நெற்றி முதல் தாடை வரையுள்ள பகுதியைத்தான். சபரிமலைக்கு மாலை போட்டு வளர்த்த அடர்ந்த தாடி தாடையை மூடுவதால் சில நேரம் இடிக்கும். நம் பாஸ்போர்ட் பெரியவர்களுக்குப் பத்து வருஷம் செல்லும். 55 வயதில் எடுத்த படத்தோடு 64 வயது முகம் வந்து நிற்கிறது. சர்க்கரை நோயால் பத்துப் பதினைந்து கிலோ இளைத்தவர்களுக்குக் கதவு மறுப்பது சகஜம்.

கைரேகையைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் அது பெரிய விஷயம். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுக்கு மெருகு போட்ட விரல், அம்மாபேட்டையில் தறியில் இழை முடிந்த விரல், ஏற்காட்டு எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்த விரல். இவற்றில் வரிகள் தேய்ந்திருக்கும். உழைத்த கையை இயந்திரம் மங்கலாகத்தான் பார்க்கிறது. இது ஆளின் குறையே இல்லை. கருவியின் குறை என்று நான் உறுதியாக நினைக்கிறேன். தோல் வறண்டிருந்தால் ரேகை இன்னும் மோசமாகப் பதியும். பதிவுக்குப் போவதற்குச் சில நாள் முன்பிருந்து ராத்திரியில் தேங்காய் எண்ணெய் தடவி, பதியும் நேரத்தில் சுத்தமாகக் கழுவித் துடைத்துவிட்டு வையுங்கள். கல்யாணத்துக்கு முன்னால் பதியப் போகிறவர்கள் விரல் நுனியில் மருதாணி வைப்பதைத் தள்ளிப் போடுவது நல்லது.

சரி, கேமரா பிடித்த முகத்தை எதோடு ஒப்பிடுகிறது? இங்கேதான் நாட்டுக்கு நாடு வழி பிரிகிறது. சிப்பில் இருக்கும் படத்தோடு ஒப்பிடுவது ஒரு வழி. முன்கூட்டியே பதிந்து வைத்த படத்தோடும் ரேகையோடும் ஒப்பிடுவது இன்னொரு வழி. இந்தியா இரண்டாவது வழியில் தொடங்கியிருக்கிறது. அதனால்தான் சிப் இல்லாத பழைய புத்தகம் வைத்திருக்கும் நீங்களும் நம் இ-கேட்டில் போக முடிகிறது.

இந்தத் திட்டத்துக்கு ஃபாஸ்ட் ட்ராக் இமிக்ரேஷன் – டிரஸ்டட் டிராவலர் புரோகிராம் என்று பெயர். 2024 ஜூன் 22-இல் டெல்லி மூன்றாம் முனையத்தில் தொடங்கினார்கள். 2025 ஜனவரி 16-இல் சென்னை, பெங்களூரு, கொச்சி, ஹைதராபாத், மும்பை, கொல்கத்தா, அகமதாபாத் நிலையங்களுக்கு வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் திருச்சி, திருவனந்தபுரம், கோழிக்கோடு உள்ளிட்ட இன்னும் ஐந்து ஊர்களுக்கு. சேலத்துக்காரர்களுக்கு இது நல்ல செய்தி. நாம் வழக்கமாகப் போய் விமானம் ஏறும் ஊர்கள் பெரும்பாலும் இதற்குள் அடங்கிவிட்டன.

இந்தியக் குடிமக்களும், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு நம் அரசு கொடுப்பது) வைத்திருப்பவர்களும் சேரலாம். பாஸ்போர்ட்டில் குறைந்தது ஆறு மாதச் செல்லுபடி பாக்கி இருக்க வேண்டும். உள்துறை அமைச்சகத்தின் இணையதளத்தில் விண்ணப்பித்தால், சரிபார்ப்பு முடிந்து தகவல் வரும். பிறகு வெளிநாட்டினர் மண்டலப் பதிவு அலுவலகத்திலோ, திட்டம் இருக்கும் விமான நிலையத்திலோ முகத்தையும் விரல்களையும் பதிய வேண்டும். பதிவு ஐந்து வருஷம் செல்லும். பாஸ்போர்ட் அதற்கு முன்பே காலாவதியானால் அதோடு சரி. பயணத்தன்று காலையில் நினைத்துக்கொண்டு செய்கிற காரியமல்ல இது, சில வாரங்களுக்கு முன்பே விண்ணப்பியுங்கள். கட்டணம் இல்லாத சேவையாகத்தான் இதைத் தொடங்கினார்கள். "ரெண்டாயிரம் கொடுங்க, பதிந்து தருகிறோம்" என்று யாராவது சொன்னால் பணமும் கொடுக்காதீர்கள், பாஸ்போர்ட் நகலும் கொடுக்காதீர்கள். அரசின் இணைய முகவரி ஜி.ஓ.வி புள்ளி ஐ.என் என்று முடிகிறதா என்று வீட்டுப் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கதவில் நடப்பது இதுதான். விமான நிறுவனம் கொடுத்த போர்டிங் பாஸையும் பாஸ்போர்ட்டையும் ஸ்கேன் செய்தால் முதல் கதவு திறக்கும். உள்ளே ஓர் ஆள் நிற்கும் இடம். முகம் ஒத்துப்போனால் அடுத்த கதவு திறக்கும். ஒருவருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு இன்னொருவர் நுழைந்தால் கருவி கண்டுபிடித்து நிறுத்திவிடும். ஆகவே "நான் முன்னால போறேன், நீ பின்னாலயே வா" என்று மனைவியைக் கூட்டிக்கொண்டு போக முடியாது, ஒவ்வொருவராகத்தான். கைப்பையைத் தோளிலேயே வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் விட்டுவிட்டு நடக்க வேண்டாம். கைக்குழந்தையோடு போகிறவர்களும், சக்கர நாற்காலியில் போகிறவர்களும் தயங்காமல் அதிகாரி இருக்கும் வரிசைக்கே போகலாம். அவர்களுக்கு அதுதான் சுலபம்.

போர்டிங் பாஸ் என்றதும் பெயர் விவகாரம் நினைவுக்கு வருகிறது. நாம் இனிஷியல் வைத்து எழுதுகிறவர்கள்; பாஸ்போர்ட்டில் அது அப்பா பெயராக விரிந்து நிற்கும். டிக்கெட் போடும்போது பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே, எழுத்துக்கு எழுத்து, போடச் சொல்லுங்கள். குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும் பாஸ்போர்ட்டோடு துபாய்ப் பக்கம் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டில் சுற்றுலா விசாவில் வருகிறவர்களை ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரிலிருந்து ஏற்பதில்லை. விமானம் ஏறும் முன்பே பிரச்சினையாகிவிடும்.

மூன்றாவது கேள்வி, போக விடலாமா என்பது. இதற்குப் பதில் புத்தகத்திலும் இல்லை, முகத்திலும் இல்லை. நீதிமன்ற வழக்கு, போலீஸ் கொடுத்த தேடுதல் அறிவிப்பு, தொலைந்ததாகப் புகார் பதிவான பாஸ்போர்ட் ஆகிய விவரங்கள் கணினிப் பட்டியலில் இருக்கின்றன. கதவு அதைத் தேடிப் பார்க்கிறது. வெளிநாட்டுக் கதவானால் விசாவும் உண்டு. வீட்டில் தொலைத்துவிட்டதாகப் புகார் கொடுத்த பழைய பாஸ்போர்ட் பிறகு பீரோவில் கிடைத்தால், அதை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். புகார் கொடுத்த அன்றே அது செத்த புத்தகம்.

போய் இறங்கும் ஊர்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிங்கப்பூர் 2024-இல் தானியங்கி வழிகளை வெளிநாட்டுப் பயணிகளுக்கும் திறந்துவிட்டது, முன்பதிவு தேவையில்லை. ஆனால் வருகைக்கு மூன்று நாளுக்குள் வருகை அட்டையை இணையத்தில் இலவசமாக நிரப்பியிருக்க வேண்டும். இந்தியர்களுக்கு விசாவும் வேண்டும். துபாயில் அங்கே குடியிருப்பு அனுமதி உள்ள பிள்ளைகள் ஸ்மார்ட் கேட் என்கிற தானியங்கிக் கதவில் போய்விடுவார்கள். பார்க்கப் போகும் அம்மா அப்பா எந்த வரிசை என்று அங்கே நிற்கும் அலுவலரைக் கேட்டுக்கொள்வது உத்தமம். ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் 2025 அக்டோபர் 12 முதல் புது முறை படிப்படியாக வந்தது: முதல்முறை முகமும் விரல்களும் பதிவாகும், பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவது நின்றுபோகும்.

முத்திரை போவது பலருக்கு மனவருத்தம். அதைவிட முக்கியமாக, கையில் இருந்த ஆதாரம் போகிறது. வெளிநாட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு வருமான வரிக் கணக்கில் இந்தியாவில் இருந்த நாட்கள் 182-ஐத் தொட்டனவா என்பது பெரிய கேள்வி. முன்பெல்லாம் முத்திரையைக் காட்டி ஆடிட்டரிடம் எண்ணிக்கொள்ளலாம். இனி போர்டிங் பாஸையும், மின்னஞ்சலில் வரும் அனுமதிச் சீட்டையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் எத்தனை நாள் தங்கலாம் என்பதை மின்னஞ்சலில்தான் அனுப்புகிறது. அம்மாவின் விண்ணப்பத்தில் யாருடைய மின்னஞ்சலைக் கொடுத்தீர்கள் என்று நினைவில் இருக்கட்டும்; அந்தத் தேதியைத் தாண்டித் தங்கினால் தெரியாது என்று சொல்லித் தப்ப முடியாது.

கடைசியாக, பதிவதா வேண்டாமா என்பது. இந்தியாவில் இது விருப்பம் சார்ந்ததுதான், யாரும் கட்டாயப்படுத்தவில்லை. கடவுச்சொல் திருடு போனால் மாற்றிக்கொள்ளலாம், முகத்தையும் ரேகையையும் மாற்ற முடியாது என்று தயங்குகிறவர்களின் தயக்கத்தை நான் மதிக்கிறேன். அவர்களுக்கு மேசை வரிசை இருக்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை பேரனைப் பார்க்கப் போகிற அம்மாவுக்கு அந்த வரிசையே போதும் என்றுதான் சொல்வேன். வேலைக்காக மாதம் தோறும் போய்வருகிறவர் பதிந்துகொண்டால் நள்ளிரவு விமானங்களின் கூட்டத்தில் நிறைய நேரம் மிஞ்சும். எந்த வழியில் போனாலும் சுங்கச் சோதனை தனி. வளையலும் சங்கிலியும் போட்டுக்கொண்டு திரும்பி வரும்போது இ-கேட் திறந்துவிட்டது என்பதால் நகைக் கணக்கு முடிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். பெட்டி எடுத்த பிறகுதான் அந்த அதிகாரிகளின் பகுதி வருகிறது.